இடி சாதி பாக்காது, கம்பி பாக்கும்

"இடி என்ன, சாதி பாத்தா விழுது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் படித்தவர்கள், முற்போக்காளர்கள், நம்முடைய கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறவர்கள். எதை எடுத்தாலும் தலித் பிரச்சினை என்று கொண்டுபோய் ஒட்டுகிறீர்கள், இடியையும் மின்னலையுமாவது விட்டுவையுங்கள் என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

இடி சாதி பாக்காது. ஒத்துக்கிறேன். ஆனா இடி வீட்டுக்குள்ள கதவைத் தட்டிக்கிட்டு வர்றதில்ல. கம்பி வழியா வருது. அந்தக் கம்பி எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும், எந்தத் தெருவுக்குப் புதுக் கம்பி, எந்தத் தெருவுக்கு ஒட்டுப்போட்ட கம்பி, எந்த டிரான்ஸ்பார்மருக்கு எர்த்துக் குழி தோண்டி உப்பும் கரியும் போட வேண்டும், எதற்குப் போடாமல் விட்டாலும் கேட்பார் இல்லை, இதையெல்லாம் மேகம் முடிவு செய்வதில்லை.

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் எங்கே வேண்டுமானாலும் சித்திரை வைகாசியில் வந்து பாருங்கள். மூணு மாசம் காய்ஞ்ச பூமி. ஒரு நாள் சாயங்காலம் மேற்க கறுக்கும், காத்து கிளம்பும், நாலு இடி இடிக்கும், அரை மணி நேரம் மழை. அவ்வளவுதான். எங்க காலனியில் அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகு விடிஞ்சு பாத்தா வரிசையா எட்டு வீட்டுல டி.வி. செத்துக் கிடந்துச்சு. மூணு வீட்டுல மிக்சி, ஒரு வீட்டுல தவணை கட்டி முடியாத பிரிட்ஜ். கருகின வாடை வீட்டை விட்டுப் போகவே இல்ல. ஊருக்குள்ள அன்னைக்கு ராத்திரியே கரண்டு வந்துருச்சு. எங்களுக்கு மூணாவது நாள். ஆபீசுக்குப் போன பொம்பளைகளுக்குக் கிடைச்ச பதில்: "இடிக்கு நாங்க என்னம்மா செய்ய முடியும்? அது கடவுள் செயல்."

கடவுள் செயல். இந்த ரெண்டு வார்த்தையைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் வீட்டு மேல இடி நேரா விழணும்னு அவசியமில்ல. சில நூறு மீட்டர் தள்ளி எங்கோ பனைமரத்தில் விழுந்தாலும், பக்கத்தில் போகிற மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு நொடிக்குள் கிளம்பி ஓடிவரும். அது ஓடுகிற வேகத்துக்கு பியூஸ் உருகி முடியாது, சுவிட்சை அணைத்து வைத்தாலும் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அதைத் தடுத்து நிறுத்த முடியாது. இறங்கிப் போக ஒரு வழி காட்டத்தான் முடியும். அந்த வழி பூமிக்குள் போக வேண்டும். டிரான்ஸ்பார்மரின் பதினோராயிரம் வோல்ட் பக்கத்தில் மூணு 'லைட்னிங் அரெஸ்டர்' நிற்பது அதற்காகத்தான். அரெஸ்டர் என்பது ஒரு வாசல். இடி வந்தால் திறந்து மண்ணுக்குள் அனுப்பிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அது ஒருமுறை வெடித்துவிட்டால் மாற்ற வேண்டும். மாற்றினாலும் அதிலிருந்து இறங்குகிற பட்டை துருப்பிடித்து அறுந்து கிடந்தால், வாசல் இருக்கிறது, படி இல்லை. இடி எங்கே போகும்? லைனைப் பிடித்துக்கொண்டு கடைசி வீடு வரைக்கும் போகும். கடைசி வீடு யாருடையது என்பதைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைன் முதலில் ஊருக்குப் போகும், அப்புறம் மோட்டார்க் கிணறுகளுக்குப் போகும், மிச்சமிருக்கிற கம்பத்தில் காலனிக்கு வரும்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. அதை வாரியத்துக்காரர்கள் வெளியே பேச மாட்டார்கள். இடிமழை ராத்திரியில் செத்த டி.வி. எல்லாவற்றையும் இடிதான் கொன்றது என்பது பொய். காத்துக்குக் கம்பி ஆடி, ஒட்டுப்போட்ட இடத்தில் நியூட்ரல் அறுந்துவிடும். நியூட்ரல் போனால் ஒரு பேசில் இருக்கிற வீடும் இன்னொரு பேசில் இருக்கிற வீடும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரைக்கும் ஏறும். பல்பு வெள்ளை வெளேரென்று எரியும், பேன் பேய் மாதிரி சுத்தும், அப்புறம் புகை. "இடி விழுகுறதுக்கு முன்னாடியே லைட்டு ரெம்பப் பளிச்சுனு எரிஞ்சுச்சு தம்பி" என்று எங்க தெருக் கிழவி ஒருத்தி சொன்னதை ஆபீசில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் கிழவி சொன்னது பொறியியல். அறுந்த நியூட்ரலில் கடவுளுக்கு என்ன வேலை?

சரி, வீட்டுக்குள் வருவோம். எம்.ஜி.ஆர். காலத்தில் குடிசைக்கு ஒத்தை விளக்கு கொடுத்தார்கள். ஒரு பல்பு, நாற்பது வாட்ஸ். ஒத்தை பல்புக்கு எதுக்கு எர்த்து என்று விட்டார்கள். 2006-ல் தி.மு.க. அரசு இலவச கலர் டி.வி. கொடுத்தது. 2011-ல் அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், பேன் கொடுத்தது. பொருள் வந்தது, வயர் மாறவில்லை. குடிசை தொகுப்பு வீடானது. அப்போதும் ஒப்பந்தக்காரர் கடைசியாக மிச்சம் பிடித்தது எர்த்துக் கம்பியில்தான். எங்க காலனி வீடுகளில் மூணு ஓட்டைப் பிளக்கு இருக்கிறது. மூணாவது ஓட்டை வெறும் ஓட்டை. பின்னால் கம்பி கிடையாது. கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு மாவாட்டுகிற பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் பாருங்கள்.

"போனது ஒரு டி.வி. பெட்டிதானே, இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கலாம். தலித் வீட்டு டி.வி. பெட்டி வெறும் பெட்டியில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ் தேடித் தேடி உடைத்தது எதையெல்லாம்? டி.வி.யை, பேனை, பாத்திரத்தை. வளைகுடா நாட்டுக்குப் போய் உழைத்து அனுப்பின காசில் வாங்கின பொருள்கள் அவர்கள் கண்ணை உறுத்தின. நாம் சேர்த்துவைப்பது எதுவாக இருந்தாலும் அது போய்விடும் என்பது நமக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒன்று. ஒரு தரம் லத்தி வரும், ஒரு தரம் தீ வரும், ஒரு தரம் கம்பி வழியா வரும். பழகிப் போச்சு என்பதற்காக அதை விதி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

எர்த்து என்றால் என்ன? மண். ஆங்கிலத்தில் சொல்வதால் ஏதோ பெரிய கருவி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரெண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், கொஞ்சம் கரி, கொஞ்சம் உப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் ஈரமான ஒரு குழி, அதிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு கம்பி. முடிந்தது. ஆனால் அந்தக் குழிக்கு நம் தெருவில் இடம் எங்கே? சுவரோடு சுவர் ஒட்டின வீடு, வாசலுக்கு வெளியே சாக்கடை, பின்னால் கொல்லை கிடையாது, அதற்கப்பால் வேறொருத்தன் வரப்பு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்து, 1892-ல் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கினார்கள். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த நிலம் போன இடம் தெரியும். மண்ணே இல்லாதவனைப் பார்த்து 'உன் வீட்டுக்கு ஏன் எர்த்து போடல?' என்று கேட்கிறது அரசாங்கம். போட்டாலும் மேலூர்ப் பக்கம் அடியில் பாறை. கோடையில் மண் காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது, குழிக்குத் தண்ணி ஊத்தணும். முதல் இடி வருவதோ மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கிற சித்திரையில். அப்போது நம் தெருவில் குடிக்கத் தண்ணிக்கே குடம் வரிசையில் நிற்கிறது.

மின்சாரம் எல்லோருக்கும் பொது, அதற்குச் சாதி தெரியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் உத்தப்புரத்தை மறந்துவிட்டார்கள். பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம். 1989 கலவரத்தை ஒட்டி ஆதிக்க சாதியினர் எழுப்பிய சுவர். தலித் மக்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காக அந்தச் சுவர் மேல் மின்கம்பி கட்டி கரண்டு கொடுத்தார்கள். 2008-ல் பத்திரிகையில் செய்தி வந்து, சட்டமன்றம் வரைக்கும் போன பிறகுதான் கம்பியை எடுத்தார்கள். 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நான் கேட்பது ஒன்றுதான். சுவருக்குக் கரண்டு கொடுக்கக் கம்பி கிடைத்தது, கம்பம் கிடைத்தது, அதைக் கவனிக்காமல் போக ஆளும் கிடைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு எர்த்து இருக்கிறதா என்று பார்க்க யாராவது வந்தார்களா?

கடவுள் செயலுக்குத் திரும்புவோம். இது வெறும் ஆபீஸ் பேச்சு இல்லை, சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற சொல். ஆபத்தான பொருளை வைத்திருக்கிறவன் அது தப்பி வந்து கெடுதல் செய்தால் பொறுப்பேற்க வேண்டும் என்பது 1868-ல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு; கடவுள் செயலாக இருந்தால் விலக்கு. நம் உச்ச நீதிமன்றம் 2002-ல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் இந்த விதியை எடுத்துக்கொண்டு, ரோட்டில் விழுந்து கிடந்த கம்பி மேல் சைக்கிளை ஓட்டிச் செத்தவருக்கு வாரியம்தான் பொறுப்பு, வேறு எவனோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று சொன்னது. அது உயிர் போன வழக்கு, பொருள் போன வழக்கு இல்லை. இருந்தாலும் நியாயம் ஒன்றுதான். இடி கடவுள் செயல் என்றே வைத்துக்கொள்வோம். வெடித்த அரெஸ்டரை வருசக்கணக்கில் மாற்றாமல் விட்டது யார் செயல்? நிவாரணப் பட்டியலைப் பாருங்கள். இடி விழுந்து ஆள் செத்தால் பணம் உண்டு, மாடு செத்தால் உண்டு, வீடு இடிந்தால் உண்டு. வீடு நின்று உள்ளே உள்ளதெல்லாம் வெந்துபோனால் அதற்கு வரிசை கிடையாது.

இடியையும் கடவுளையும் சேர்த்துக் கட்டினது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஐரோப்பாவில் இடி இடித்தால் சர்ச்சு மணியை அடித்தால் விலகிப் போகும் என்று நம்பினார்கள். 33 வருசத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்த 103 பேர் செத்தார்கள் என்று 1784-ல் மியூனிக்கில் வந்த ஒரு புத்தகம் கணக்குச் சொன்னது. பிராங்க்ளின் இடிதாங்கியைச் சொல்லி முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது அப்போது. ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்தவன் பிஷப் இல்லை, மணியடிக்கிற கூலிக்காரன். இங்கே நம்மவர்கள் இடி இடித்தால் 'அர்ச்சுனா அர்ச்சுனா' என்கிறார்கள். மேலே கோபுரக் கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி, முன்னோர் விஞ்ஞானம் என்று ஒரு கூட்டம் கதை விடுகிறது. கலசத்திலிருந்து பூமி வரைக்கும் இறங்குகிற கம்பி இல்லாவிட்டால் கலசம் வெறும் செம்பு. 1939 ஜூலை 8 வரைக்கும் மீனாட்சி கோயிலுக்குள் நம்மை விடாதவர்கள், அந்தக் கோபுரம் நம் குடிசையைக் காப்பாற்றியது என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்ய?

இந்தியாவில் 2022-ல் மட்டும் மின்னல் தாக்கிச் செத்தவர்கள் 2,887 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. ஆபீசில் இருந்தவன் சாகவில்லை. நாத்து நட்டுக்கொண்டிருந்தவள், ஆடு மேய்த்தவன், மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கினவன். மின்னல் வருவதைச் சொல்ல 'தாமினி' என்று ஒரு செயலி செய்திருக்கிறார்கள், பூனா விஞ்ஞானிகள் செய்தது, நல்ல வேலைதான். ஆனால் அறிவுரை என்ன? உடனே உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். வயல்காட்டில் உறுதியான கட்டடம் பண்ணையாருடைய மோட்டார் ரூம். அதன் திண்ணையில் நம் பெண்கள் ஏறி நிற்கலாமா கூடாதா என்பதை எந்தச் செயலி சொல்லும்?

நாம் இருக்கிற நிலையில் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். மேகம் கறுத்தா சுவிட்சை அணைச்சா பத்தாது, பிளக்கையே பிடுங்கிப் போடுங்க, டி.வி.க்கு வர்ற கேபிளையும் கழட்டுங்க. இடி இடிக்கிறப்ப கிரைண்டர், அடிபம்பு, இரும்புக் கதவு தொடாதீங்க. லைட்டு திடீர்னு பளிச்சுனு எரிஞ்சா மெயினை அணைச்சுட்டு எந்த நேரம்னு எழுதி வைங்க, அது நியூட்ரல். வீட்டுக்கு ஒரு குழிக்கு இடமில்லைன்னா நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரு குழி தோண்டலாம், வயரிங் தெரிஞ்ச பையன் தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். 'சர்ஜ்' தடுப்பான் என்று கடையில் விற்பதை எர்த்து இல்லாத வீட்டில் மாட்டிக் காசைக் கரியாக்காதீங்க. வெளியே போக வழியில்லாமல் அது என்ன செய்யும்?

இதெல்லாம் நம் வேலை. அவர்கள் வேலையை அவர்களிடம் கேட்க வேண்டும். மே 1 கிராம சபை சரியாக இடிக் காலத்தில் வருகிறது. கிராம சபையில் கேட்டால் நடந்துவிடுமா என்று நம்பிக்கையில்லாமல் கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. இதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996-லிருந்து 2006 வரை ஒரு தலித் தலைவரை உட்கார விடவில்லை. மேலவளவில் உட்கார்ந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டினார்கள். ஆகவே தீர்மானத்தை மட்டும் நம்ப வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். எங்கள் ஊராட்சியில் ஊருக்குக் கரண்டு கொடுக்கிற டிரான்ஸ்பார்மரின் எர்த்தைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, காலனிக்குக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரின் எர்த்தைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, ரெண்டிலும் அரெஸ்டர் மாற்றியது எப்போது, பதிவேட்டின் நகலோடு தரவும். ஒரே டிரான்ஸ்பார்மர்தான் என்றால் கடைசிக் கம்பம் வரைக்கும் நியூட்ரலைச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். வருகிற பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்து, முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் கையில் கொடுப்போம்.