டாக்டர் கேட்டார், பதில் சொன்னது யார்?

சென்ற மாதம் பெரியம்மாவை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பெரியப்பாவும் கூட வந்தார். வியாதி பெரியம்மாவுக்கு; பேச்சு பெரியப்பாவுக்கு. எங்கள் குடும்பத்தில் நாற்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் நடந்து வருகிறது.

"என்னம்மா பண்ணுகிறது?" என்று டாக்டர் பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவளுக்குப் பிரஷர், டாக்டர். ராத்திரி தூக்கமில்லை, தலை சுற்றுகிறது என்கிறாள்" என்றார் பெரியப்பா.

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அம்மா?"

"வேளை தவறுவதே இல்லை" என்றார் பெரியப்பா. பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பிரஷர் 168/98 இருந்தது. இருக்கிற மாத்திரை போதவில்லை என்று டாக்டர் நினைத்ததில் தப்பில்லை. இரண்டாவதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். உள்ளே போய் வெளியே வர இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து காப்பி கலக்கும்போது பெரியம்மா என் காதோடு சொன்னாள்: "அந்த மாத்திரையை நான் தொட்டே இருபது நாள் ஆச்சுடீ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. மாதர் சங்கத்து வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை நாள்பட்டுச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று. அன்றைக்கே மாத்திரை அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அது மட்டுமல்ல. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி, தினம் இரண்டு வேளை ஒரு வலி மாத்திரை வேறு!

"அதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை?"

"வலி மாத்திரைதானே! அதையெல்லாம் யார் சொல்வார்கள்? அவரும் கேட்கவில்லையே!"

இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். கிட்னியைக் கெடுக்கும் காரணங்களில் சர்க்கரை வியாதிக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோ நாள்பட்டால் பிரஷரை ஏற்றிவிடும். கிட்னியையும் பதம் பார்க்கும். ஆக, கிட்னிக்குப் பயந்து பெரியம்மா காவல்காரனை வெளியே தள்ளிவிட்டுத் திருடனுக்குத் தினம் இரண்டு வேளை விருந்து வைத்திருக்கிறாள். இந்த அழகில், பயந்துபோய் இரண்டு பிரஷர் மாத்திரையையும் ஒன்றாக ஆரம்பித்திருந்தால்? பிரஷர் மளமளவென்று இறங்கி, குளியலறையில் மயங்கி விழுந்திருக்கலாம்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது டெலிபோன் மேல்தான். அந்தக் குரல் செய்தியைப் போடச் சொல்லிக் கேட்டேன். வாஸ்தவத்தைச் சொன்னால், கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. யாரோ ஓர் ஆசாமி நாலு நிமிஷம் நிதானமாகப் பேசுகிறார். "அம்மா" என்று கூப்பிடுகிறார். கிட்னி என்றால் என்ன, அது என்ன வேலை செய்கிறது என்று நல்ல தமிழில் விளக்குகிறார். சொன்ன முடிவு தப்பு; ஆனால் சொன்ன விதம்? பெரியம்மாவுக்கு ஆறு வருஷமாகப் பிரஷர். இந்த ஆறு வருஷத்தில் அவளிடம் நேராக நாலு நிமிஷம் அதைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. சில பிரஷர் மாத்திரைகளை ஆரம்பிக்கும்போது டாக்டர்கள் கிட்னிக்காக ரத்தப் பரிசோதனை செய்வதுண்டு. அந்தச் சமாசாரம்தான் வாய்க்கு வாய் மாறிக் கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டதோ என்னவோ!

டாக்டர்களையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வெளியே பெஞ்சியில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். 67 தேசங்களின் கணக்கைத் திரட்டி 2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சராசரி 22 நிமிஷத்துக்கு மேல். பங்களாதேஷில் 48 வினாடி. நம் தேசத்துக் கணக்கு சுமார் இரண்டு நிமிஷம். நேரம் தாராளமாக உள்ள ஊரிலும் கதை அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. 1984-ல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி வாயைத் திறந்து சராசரி 18 வினாடிக்குள் டாக்டர் குறுக்கே பேசிவிட்டாராம்! நம் வீடுகளில் அந்தச் சிரமத்தைக்கூட டாக்டருக்கு வைப்பதில்லை. குறுக்கே பேச நாமே ஆள் அழைத்துக்கொண்டு போகிறோம்.

பெரியப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் தங்கமான மனிதர். மனைவி மேல் உள்ள கரிசனத்தால்தான் அவளுக்காகப் பேசுகிறார். ஆனால் கரிசனம் எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு டெல்லியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1995-ல் ஒரு பெண்மணிக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதியில், வெளியே காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். விழித்தெழுந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2008-ல் தீர்ப்பாயிற்று. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவள் கண் விழிக்கும் வரை காத்திருந்து அவளையே கேட்டிருக்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்காகத் தாயார் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது என்றார்கள் நீதிபதிகள். பெற்ற தாயாருக்கே அந்த உரிமை இல்லை என்றால், "வேளை தவறுவதே இல்லை" என்று சாட்சி சொல்லப் பெரியப்பாவுக்கு எங்கிருந்து வந்தது?

மறுநாள் பெரியப்பாவுக்குப் பாங்கியில் ஒரு வேலை இருந்தது. (அந்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான்.) பெரியம்மாவும் நானுமாகப் போனோம். வீட்டில் இருந்த மாத்திரை அட்டை, தைலம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டோம். பையை மேஜைமேல் கவிழ்த்ததும் டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த வலி மாத்திரை யார் கொடுத்தது?"

இரண்டு வருஷத்துக்கு முன் எலும்பு டாக்டர் ஒருவர் எழுதியது. சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று போட்டிருந்தது. கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற தந்தி மாதிரி, மிக அவசரம் என்று பெரியம்மா அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். லத்தீனில் அதற்கு 'தேவைப்பட்டால் மட்டும்' என்று பொருளாம்! சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை மருந்துக் கடைக்காரரும் கேள்வி கேட்காமல் கொடுத்து வந்திருக்கிறார். சீட்டைப் புரியும்படி, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சில் 2016-ல் விதி போட்டது. எழுத்துப் பெரிதானால் லத்தீன் புரிந்துவிடுமா?

பெரியம்மா மென்று விழுங்கிக்கொண்டு கிட்னி சமாசாரத்தைக் கேட்டாள். நான் பயந்தபடி டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தப் பயம் உங்களுக்கு இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே!" என்றார். ரத்தத்தில் கிரியாட்டினினும் மூத்திரப் பரிசோதனையும் எழுதினார். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். புதிதாக எழுதிய மாத்திரையை அடித்துவிட்டார். பழையது மட்டும் தினமும் காலையில். பிறகு ஒரு காரியம் செய்தார். "இப்போது நீங்கள் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?"

பெரியம்மா ஒப்பித்தாள். கடைசியில், "பிரஷர் சரியானதும் நிறுத்திவிடுவேன்" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மாத்திரை சாப்பிடுவதால்தான் பிரஷர் சரியாக இருக்கிறது, அதனால் அவராகச் சொல்லாமல் நிறுத்தவே கூடாது என்று. எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம். வெளியே பெஞ்சியில் இருந்தவர்கள் எங்களை முறைத்தார்கள்.

கிரியாட்டினின் சரியாகவே இருந்தது. பதினைந்து நாள் கழித்துப் பிரஷர் 138/86. முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே செய்கிறாள்.

அன்று பாங்கியிலிருந்து திரும்பிய பெரியப்பா, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று என்னைத்தான் கேட்டார். பெரியம்மா சமையலறையிலிருந்து பதில் சொன்னாள்.