மேசையில் குறையும் தொப்பிகள்

அமெரிக்கப் பள்ளிகளில் டிசம்பர் மாதம் ஒரு சடங்கு நடக்கும். விளையாட்டுக் கூடத்தின் நடுவே மேசை போட்டு, மூன்று நான்கு கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் கோச். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒரு தொப்பியின் மேல் கையைக் கொண்டுபோய், சட்டென்று இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். கூடமே எழுந்து கத்தும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்த ஊர் அது. அங்கே நட்சத்திரப் பையன்களுக்கு இந்த மேசை இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு படி கீழே நிற்கிறவனுக்குத்தான் தொப்பிகள் குறைகின்றன.

2018 அக்டோபரில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ‘ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலை’த் திறந்தது. 2021 முதல், ஒருமுறை கல்லூரி மாறுகிற வீரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்றானது. 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் 2021இலேயே வந்துவிட்டது. பிறகென்ன? பதினெட்டு வயதுப் பையனுக்குச் சாப்பாடு போட்டு, எடை ஏற்றி, இரண்டு வருடம் ஆட்டம் பழக்குவானேன்? அடுத்தவர் வளர்த்த இருபத்திரண்டு வயதுக்காரன் தயாராகக் கிடைக்கிறான்.

அப்படி எடுத்தவர்கள் ஜெயிக்கவும் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வாங்கியபோது, இரு அணிகளிலும் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் அந்தப் பருவத்துக்குத்தான் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர், எமெகா எக்புகா போன்றவர்கள் பள்ளியிலிருந்து நேராக வந்து அங்கேயே நான்கு வருடம் ஊறியவர்கள். வந்தவர் நிற்க, இருந்தவர்கள் தளம் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களைப் பெரிதும் நம்பிய ஃபுளோரிடா ஸ்டேட் 2023இல் தோல்வியே காணாமல் லீக் பட்டம் வென்றது. மறுவருடம் 2 வெற்றி, 10 தோல்வி.

இதற்காக வீரர்களின் காலைக் கட்டச் சொல்வோரோடு நமக்கு உடன்பாடில்லை. 2021இல் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சி.க்குப் போனபோது, ஒரு வருடம் சும்மா இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கோச்சுக்கு உள்ள சுதந்திரம் பையனுக்கு ஏன் கூடாது? மாற்றத்துக்குப் போட்ட தடைகள் நீதிமன்றத்தில் நிற்கவும் இல்லை.

கட்டுப்பாடு கல்லூரியின் மேல் விழட்டும். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கும் புதியவர்களில் ஒரு பங்கு பள்ளி முடித்தவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். கையெழுத்து வாங்கிய பையனின் உதவித்தொகையை, ஆட்டம் சரியில்லை என்று நான்கு வருடத்துக்குள் பறிக்கக் கூடாது. இதையும் வழக்கில் இழுப்பார்கள் என்பது தெரியும். அதனால்தான் மேலிருந்து விதி போடாமல், வீரர்களின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடச் சொல்கிறோம். என்.சி.ஏ.ஏ. இத்தனை காலம் தட்டிக்கழித்த வேலை அது.

2025 முதல் ஓர் அணியில் 105 பேர் என்று உச்சவரம்பும் வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமலே சேர்ந்து, ஓரமாக நின்று கற்றுக்கொண்ட பையனுக்கான இடமும் இதில் சுருங்கிவிட்டது. பள்ளிப் பையன்களை வளர்க்கும் செலவு தாங்காது என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க அவற்றுக்கு அனுமதி இருக்கிறது; முதல் ஆண்டுக்கான வரம்பே சுமார் 2.05 கோடி டாலர்.