குட்டி யானை இருமுகிறதா? பம்ப்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்!

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் குட்டி யானை, பாடாலூரில் ஹைவேயைப் பிடித்து விடியும் முன் திருச்சி மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். லேட்டானால் சரக்குக்கு விலை கிடைப்பது சிரமம். வாடகையிலும் பிடித்துக்கொள்வார்கள். மாசம் பிறந்தால் வண்டிக்கு டியூ வேறு. அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் லோடு ஏற்றியதும் இழுக்காமல், 'தட்... தட்...' என இடித்து இடித்துப் போனால் ஓனருக்கு வரும் முதல் பயம், "பம்ப் போச்சா, நாசில் போச்சா?" என்பதுதான்.

அவசரப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நன்றாக அமுக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் டீசல் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். டீசல் ஒழுங்காகப் போகிறதா? காற்று ஒழுங்காகப் போகிறதா? இதைப் பார்க்க வீட்டு வாசலே போதும். (பெட்ரோல், சி.என்.ஜி வண்டிகளுக்குக் கதை வேறு.)

செலவே இல்லாத சோதனையில் இருந்து தொடங்கலாம். கிளம்பும்போது வண்டி நன்றாக ஓடுகிறது, அரை மணி நேரம் கழித்துத் திணறுகிறது, கொஞ்சம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகிறது என்றால், ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஷ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கான சின்ன வழி புழுதியால் அடைத்துக்கொண்டால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, டீசல் வர மறுக்கும். மூடியைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றிப் பல ஆயிரம் செலவு செய்வது வீண்.

அடுத்து, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை அதிகம். டேங்க்கைப் பாதியிலேயே விட்டு இரவெல்லாம் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டாக இறங்கும். கேனில் வாங்கிவந்து ஊற்றும் டீசலிலும் தண்ணீர் வரலாம். தண்ணீர் டீசலைவிட கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜின் ஆறியதும் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்துங்கள். வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் கீழே இருப்பது தண்ணீர். சுத்தமான டீசல் மட்டும் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, லோடு இழுக்கும்போது மட்டும் திணறினால் ஃபில்டர் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். மாற்றிய பிறகு உள்ளே காற்று நிற்கும். ஃபில்டர் தலையில் கை பம்ப் இருந்தால், காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை அமுக்கி, வந்துகொண்டிருக்கும்போதே இறுக்கிவிடுங்கள்.

ஏர் லாக்கை எடுத்த மறுநாளே திரும்ப ஏர் பிடிக்கிறதா? டேங்க்கில் இருந்து பம்ப் வரைக்குமான ஹோஸ் மேல் சந்தேகப்படுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். இந்த ஹோஸ் டீசலை உறிஞ்சும் பக்கம். விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமல், காற்று உள்ளே போய்விடும். ஈரமே தெரியாது. களத்து மேட்டில் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப்புகளை இறுக்குங்கள்.

காற்றுப் பக்கம் வந்தால் அரியலூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சிமென்ட் ஆலைகளுக்கு ஓயாமல் ஓடும் டிப்பர் லாரிகளின் பின்னால் போகும் லோடு வண்டிக்கு, ஏர் ஃபில்டர் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை தாங்காது. அங்கே இருக்கும் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தபோது சிப்பிகள் படிந்து உருவானது. அந்தக் கடலைத்தான் உங்கள் இன்ஜின் இப்போது மூச்சுத் திணறித் திணறி உறிஞ்சுகிறது! கரும்புகையோடு பிக்-அப் குறைந்தால் ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். கம்ப்ரஸரால் வெளியில் இருந்து பலமாக அடித்தால் தூசி காகிதத்துக்குள் இறங்கும், காகிதமும் கிழியும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது இன்னும் மோசம். உள்ளே போகும் தூசி சிலிண்டரையே தேய்த்துவிடும்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் பிரச்னையாக இருக்கலாம். இரண்டும் வாசலில் முடியாது. அதற்குமேல் ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

முக்கியமான ஒன்று. பழைய வண்டிகளில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்குகள் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு புது வண்டியில் கை வைக்காதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ் 6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில்தான். இன்ஜின் ஓடும்போது அந்தப் பைப்பில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படி நடந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடி, "டீசல் உள்ளே போயிடுச்சு" என்று சொல்ல வேண்டும்.

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். வாரன்டி இருந்தால் நேராக சர்வீஸ் சென்டர். போகும்போது அந்தக் கண்ணாடி பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது திணறுகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது, எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த வேலைகளுக்கே மறுபடி பில் போட அவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.