விர்ச்சுவல் லிங்க் போட்டவன் தப்பிச்சான், ரீபூட் பண்ண பையன் மாட்டினான்

"எல்லா ஏரியாவும் ஏரியா 0-வைத் தொட்டுக்கிட்டு இருக்கணும்." ஓஎஸ்பிஎஃப் படிச்ச யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே இதைச் சொல்வாங்க. ஏன் தொடணும்னு அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் விட்டத்தைப் பார்ப்பாங்க. "அது ரூல் சார்" என்பார்கள். இன்டர்வியூவில் கேட்கிறவருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்பதால் வேலையும் கிடைச்சிடும்.

இந்த "அது ரூல் சார்" கும்பல் மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னிக்கு அதைக் கொட்டிடறேன். நெட்வொர்க் பக்கம் போகாதவங்க மன்னிக்கணும், முடிஞ்சவரை எளிமையாச் சொல்றேன்.

ஓஎஸ்பிஎஃப்-ஐ லிங்க் ஸ்டேட்னு சொல்றோம் இல்லையா, அது ஒரே ஏரியாவுக்குள்ள மட்டும்தான் உண்மை. நம்ம தெருவுல எந்தச் சந்து எங்க போகுதுன்னு நாமே கண்ணால பார்த்து வரைபடம் வச்சிருக்கோம். அடுத்த தெருவைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தெருமுனையில நிக்கிற ஆள் சொன்னதுதான். அந்த ஆள்தான் ஏபிஆர், ரெண்டு ஏரியாவிலும் கால் வச்சிருக்கிற ரூட்டர். "இந்த நெட்வொர்க் என் வழியாப் போனா இவ்வளவு தூரம்"னு அவர் டைப் 3 சம்மரி எல்எஸ்ஏ-வில் சொல்வார், நாம நம்புவோம். ஆக, ஏரியாக்களுக்கு நடுவுல ஓடுறது சாட்சாத் டிஸ்டன்ஸ் வெக்டர். ரிப்-ஐக் கிண்டல் பண்ணுறவங்க கவனிக்கவும்.

கேள்விப்பட்ட சேதின்னா ஒரு ஆபத்து உண்டு. நான் உங்ககிட்ட சொன்னதையே நீங்க சுத்தி வந்து எனக்குப் புதுசா சொல்லலாம், நானும் நம்பி உங்களுக்கே அனுப்பலாம். பாக்கெட் வட்டம் சுத்தும். இதைத் தடுக்கத்தான் சேதி எல்லாம் நடுவுல இருக்கிற ஏரியா 0 வழியாத்தான் வரணும்னு வச்சாங்க. ஜான் மோய் எழுதி 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2328-ல் இது தெளிவா இருக்கு: ஏபிஆர் தன் கணக்குக்கு ஏரியா 0-விலிருந்து வந்த சம்மரியை மட்டும்தான் எடுத்துக்கும். மற்ற ஏரியா வழியா வந்தது டேட்டாபேஸில் இருக்கும், ரூட்டிங் டேபிளுக்குப் போகாது.

இந்த ஒரு வரி புரிஞ்சா இன்டர் ஏரியா பிரச்சினையில பாதி தீர்ந்தது. கேபிள் இருக்கு, நெய்பர் ஃபுல்லுன்னு காட்டுது, டேட்டாபேஸில் ரூட்டே கண்ணுக்குத் தெரியுது, ஆனா பிங் போகலை! உடனே "பக் சார், ஐஓஎஸ் மாத்துங்க". பக்காவது மண்ணாவது.. ரூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்கா வேலை செய்யுது, அவ்வளவுதான். நெய்பர் ஃபுல்னா ரெண்டு பேரும் டேட்டாபேஸை ஒத்துப் பார்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். ரூட் வந்துடுச்சுன்னு அர்த்தமில்லை.

நிற்க. சம்பவத்துக்கு வர்றேன்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஓர் இடம், பேர் வேண்டாம். அவங்க இன்னொரு கம்பெனியை வாங்கினாங்க. வந்த கம்பெனியோட நெட்வொர்க் ஏரியா 2. அது தொட்டுக்கிட்டு நின்னது ஏரியா 1-ஐத்தான், ஏரியா 0-வை இல்லை. புது லைன் வர மாசக்கணக்காகும்னாங்க. அதனால ஏரியா 1-க்குள்ளால ஒரு விர்ச்சுவல் லிங்க், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரி. "தற்காலிகம்"னு பேசிக்கிட்டாங்க. மூணு வருஷம் ஓடிப்போச்சு.

அப்புறம் ஆடிட் வந்தது. ஏரியா 0-வில் ஆதென்டிகேஷன் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி கோர் ரூட்டர் அத்தனையிலும் எம்டி5 போட்டாங்க. விர்ச்சுவல் லிங்கும் ஏரியா 0-வோட ஒரு துண்டுதான், அதோட மறுமுனையில இருக்கிற கிளை ரூட்டரும் அதனால ஏரியா 0 உறுப்பினர்தான். இது யாருக்கும் தோணலை. கிளை ரூட்டரை யாரும் தொடலை. ஆனா செக் பண்ணாங்க, விர்ச்சுவல் லிங்க் ஃபுல்லுன்னு காட்டுச்சு. "வெரிஃபைட்"னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

எப்படி ஃபுல் காட்டும்? சிஸ்கோ ரூட்டரில் விர்ச்சுவல் லிங்க் டிமாண்ட் சர்க்யூட் மாதிரி ஓடும். ஒரு தடவை ஃபுல் ஆயிட்டா ஹலோ அனுப்புறதை நிறுத்திக்கும். ஹலோ வந்தாத்தானே சாவி பொருந்தலைன்னு தெரியும்? அந்தக் கமாண்டோட வெளியீட்டிலேயே ஃபுல்லுக்குப் பக்கத்துல, அடைப்புக்குறிக்குள்ள "ஹலோ சப்ரஸ்டு"ன்னு எழுதியிருக்கும். யார் படிக்கிறா?

ஞாயிறு ராத்திரி கோரில் ஒரு லைன் கீழே போய் மேலே வந்தது. புது எல்எஸ்ஏ அனுப்பவேண்டிய கட்டாயம். அனுப்புச்சு, மறுமுனை தூக்கிப் போட்டுச்சு, லிங்க் செத்துது. ஏரியா 2 மொத்தமும் காணாமப் போச்சு. ஏரியா 1 மட்டும் சௌக்கியமா இருந்தது.

ஷிஃப்ட்ல இருந்தது சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத ஒரு பையன். பெரியவருக்குப் போன் போட்டான். "கிளை ரூட்டரை ரீபூட் போடு தம்பி, வந்துடும்." போட்டான். வரலை. வராது, ஏன்னா இப்ப ரெண்டு பக்கமும் முதல்லேர்ந்து ஹலோ சொல்லணும், சாவி பொருந்தாது. கூடவே ரீபூட்ல கிளை ரூட்டரோட லாக் பஃபரும் துடைச்சுப் போச்சு. இருந்த ஒரே தடயம்.

திங்கட்கிழமை காலை கிளைகள் எதுவும் வேலை பார்க்க முடியலை. பத்து மணிக்கு மேல யாரோ ஒரு புண்ணியவான் கோரில் டீபக் போட்டப்பதான் "ஆதென்டிகேஷன் டைப் பொருந்தவில்லை"ன்னு வந்தது. கிளை ரூட்டரில் சாவியைப் போட்டதும் ஏரியா 2 திரும்பி வந்தது.

மதியம் மீட்டிங். காரணம்னு எழுதினது: அனுமதியில்லாமல் ரீபூட். பையனுக்கு மெமோ. போன்ல ரீபூட் போடச் சொன்னவர் அந்த மீட்டிங்ல பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை வேலை "வெரிஃபைட்". மூணு வருஷத்துக்கு முந்தின விர்ச்சுவல் லிங்க் பேச்சுக்கே வரலை.

அந்த விர்ச்சுவல் லிங்கைப் போட்டது யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். அந்த அறையில நானும் இருந்தேன். வாயைத் திறக்கலை. வெளியில வந்து காபி மெஷின் பக்கத்துல பையன் கேட்டான், "ரீபூட் பண்ணாம இருந்திருந்தா வந்திருக்குமாண்ணா?" வந்திருக்காதுடான்னேன். "அப்ப ஏன்ணா உள்ள சொல்லலை?" பதில் இல்லை எங்கிட்ட. மூணு நாள் கழிச்சு மேலாளருக்கு முழுக் கதையையும், என் பங்கையும் சேர்த்து மெயில் அனுப்பினேன். மெமோ அவன் ஃபைலை விட்டுப் போகலை.

"விர்ச்சுவல் லிங்க் ஆர்எஃப்சி-யிலேயே இருக்கேய்யா, உனக்கென்ன வந்தது?"ன்னு ஒருத்தர் வருவார். இருக்கு சாமி, 15-ஆம் பிரிவு முழுக்க அதுதான். சாரம் கட்டுறதும் கட்டடக் கலையிலதான் இருக்கு. அதுக்காக அதுலயே குடித்தனம் பண்ணுவீங்களா? அந்த ஏரியா 2-வில் மொத்தமே முப்பது சொச்சம் ரூட்டர். பேசாம ஏரியா 1-லேயே கலந்திருக்கலாம். இன்றைய ரூட்டர் ஒரே ஏரியாவுல சில நூறு ரூட்டரைச் சாதாரணமாத் தாங்கும். இல்லையா, வாங்கின கம்பெனியைத் தனியா வச்சு நடுவுல பிஜிபி பேசியிருக்கலாம். ரெண்டுக்கும் ஒரு ராத்திரி வேலை நிறுத்தம் கேட்கணும். கேட்கச் சோம்பல்.

அடுத்த தடவை ஏரியா தாண்டி ரூட் வரலைன்னா தயவுசெஞ்சு ரீபூட் பக்கம் போகாதீங்க. ஏபிஆர்ல போய் உட்காருங்க. அந்த நெட்வொர்க்குக்கு டைப் 3 இருக்கா, யார் போட்டது, எந்த ஏரியா டேட்டாபேஸில் இருக்குன்னு பாருங்க. ஏரியா 0-வில் இல்லாம வேற ஏரியாவுல மட்டும் இருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சது. டைப் 3-யே இல்லைன்னா யாராவது ரேஞ்ச், ஃபில்டர் போட்டு முழுங்கியிருப்பாங்க. வெளி ரூட்டுன்னா டைப் 5-ல் ஃபார்வர்டிங் அட்ரஸைப் பாருங்க, அந்த அட்ரஸுக்கே வழியில்லைன்னா அந்த ரூட் டேபிள்ல ஏறாது. பத்து நிமிஷ வேலை. ரீபூட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அந்தப் பையன் ஆறு மாசத்துல வேற இடம் போயிட்டான். அங்க இன்னும் இருக்கிற நண்பர்கிட்ட போன வாரம் விசாரிச்சேன். விர்ச்சுவல் லிங்க் அப்படியே இருக்காம்.