யமுனை நீரும் ஐவர் ஒப்பந்தமும்

தில்லியின் மேற்குப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் காலையில் குழாயைத் திறந்ததும் வரும் நீர் அந்நகரில் ஊறியதன்று. இமயமலையில் பிறந்த யமுனை, அரியானா மாநிலத்தின் அத்னிகுண்ட் தடுப்பணையில் கால்வாய்களாகப் பிரிகிறது. அதில் ஒரு பங்கு, கர்னால் மாவட்டத்து முனாக் என்னும் ஊரிலிருந்து 102 கிலோமீட்டர் நீளமுள்ள சிமெண்டுக் கால்வாய் வழியாகத் தில்லிக்கு வருகிறது. அரியானாவின் சமவெளி முழுவதும் நெல்லும் கோதுமையும் விளையும் வயல்கள். அவ்வயல்களுக்கும் நீர் வேண்டும். ஆகவே தில்லியின் குடிநீர் மழையை மட்டுமன்றி, அண்டை மாநிலத்தின் இசைவையும் நம்பியிருக்கிறது.

அந்த இசைவு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைத் தில்லி ஒருமுறை கண்டது. 2016 பிப்ரவரியில் அரியானாவில் இட ஒதுக்கீடு கோரி நடைபெற்ற போராட்டத்தின்போது முனாக் கால்வாய் சேதப்படுத்தப்பட்டது. இராணுவம் சென்று அதனை மீட்டது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் பிப்ரவரி 22 அன்று தில்லிப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. விடுமுறையை எண்ணி மகிழ்ந்த பிள்ளைகளும் அன்று மாலை வாளியுடன் தண்ணீர் லாரியின் முன் நின்றிருக்கக்கூடும்.

யமுனை நீரை யார், எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. உத்தரப் பிரதேசம், அரியானா, ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம், தில்லி ஆகிய ஐந்தும் 1994 மே 12 அன்று அதில் கையெழுத்திட்டன. ஆண்டுக்கு 1,198.3 கோடி கன மீட்டர் நீர் பங்கிடப்பட்டது. அரியானாவுக்கு 573 கோடி. உத்தரப் பிரதேசத்திற்கு 403.2 கோடி, தில்லிக்கு 72.4 கோடி. ஏறத்தாழ ஆறு விழுக்காடே தில்லியின் பங்கு. நீர் குறையும் ஆண்டில் முதலில் தில்லியின் குடிநீர்ப் பங்கை நிறைவுசெய்துவிட்டு, மிஞ்சியதையே பிற மாநிலங்கள் தத்தம் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. வயலைவிடத் தாகம் முந்தியது என்று உழவர் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட அந்த ஒரு விதி பாராட்டத்தக்கது.

எனினும் அந்த 72.4 கோடியைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். அதில் 58 கோடி கன மீட்டர், சூலை முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலப் பங்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6.8 கோடி, மார்ச்சு முதல் சூன் வரை, அதாவது வெயில் கொளுத்தும் நான்கு மாதங்களுக்கு, 7.6 கோடி மட்டுமே. மழைக்காலத்து வெள்ளம் தேக்கிவைக்க அணையின்றிக் கடலை நோக்கி ஓடிவிடுகிறது. ரேணுகா, லக்வார், கிசாவ் ஆகிய மூன்று அணைகள் மேலே மலையில் கட்டப்பட வேண்டும் என்பது நெடுங்காலப் பேச்சு. ஆண்டுக் கணக்கில் போதிய பங்கு இருந்தும் மே மாதத்தில் குடம் காலியாக இருப்பது இதனால்தான். ஒப்பந்தம் பேசுவோர் ஆண்டு அளவை விடுத்து மாத அளவைப் பற்றி வாதிடுவதே அறிவுடைமை.

அளவுக்கு அடுத்தது தரம். பானிபட், சோனிபட் நகரங்களின் ஆலைக் கழிவும் சாக்கடையும் யமுனையில் கலப்பதால், குளிர்காலத்தில் வசீராபாத்தை அடையும் நீரில் அம்மோனியா பெருகுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவைத் தாண்டினால் அங்குள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் திணறி உற்பத்தியைக் குறைக்கின்றன. நீரின் தரத்தைக் கண்காணிக்கும் கடமை மேல் யமுனை ஆற்று வாரியத்திற்கு உண்டு. ஆனால் பங்கீட்டு அட்டவணையில் இருப்பவை எண்கள் மட்டுமே. குடிக்க இயலாத நீர் வந்து சேர்ந்தால் அது பங்கில் சேருமா, கழியுமா? அட்டவணை அதைச் சொல்வதில்லை.

இழப்பை முன்கூட்டியே எழுதிவைப்பது இயலாத காரியமன்று. கிருட்டிணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1983-இல் ஆந்திரத்துடன் செய்த ஒப்பந்தத்தில், 15 ஆயிரம் மில்லியன் கன அடியில் 3 ஆவியாகிப் போகும் என்று கழித்து, மீதி 12 எந்தெந்த மாதங்களில் எல்லைக்கு வந்து சேர வேண்டும் என்றும் குறித்திருந்தார்கள். முனாக் கால்வாயில் அத்தகைய தெளிவு இல்லை. மண்ணில் கசிந்து வீணாவதைத் தடுக்கவே தில்லியின் பணத்தில் அது சிமெண்டால் கட்டப்பட்டது. கசிவு நின்றதும், அவ்வாறு மிச்சமான நீர் யாருக்கு உரியது என்று இரு அரசுகளும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின.

அரியானாவைக் குறை கூறுவது தில்லியில் எளிது. ஆயினும் அரியானாவின் உழவர் கேட்கும் கேள்விக்கும் விடை வேண்டும்: வாங்கிய நீரைத் தில்லி என்ன செய்கிறது? பழைய குழாய்களில் பெரும் பகுதி ஒழுகிப் போகிறது. வசீராபாத்திற்குச் சற்றுக் கீழே நசஃப்கட் வாய்க்கால் நகரின் கழிவை யமுனையில் கொட்டுகிறது. தில்லிக்குப் பானிபட் எப்படியோ, மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் தில்லி அப்படி. யமுனைக் கரையிலேயே இருக்கும் ஆக்ரா, குடிப்பதற்குக் கங்கை நீரைத் தொலைவிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர நேர்ந்தது. கீழேயிருப்பவருக்கு அழுக்கை அனுப்பும் நகரம் மேலேயிருப்பவரிடம் தூய நீர் கேட்கும்போது அதன் குரல் தாழ்ந்தே ஒலிக்கும். தன் கழிவுநீரைச் சுத்திகரித்து வயல்களுக்குக் கொடுக்கத் தில்லி முன்வருமானால், கோடைக்காலத்தில் அதற்கு ஈடாக நல்ல நீரைக் கேட்கலாம். பானிபட்டின் சுத்திகரிப்பு நிலையச் செலவில் பங்கேற்றால், அம்மோனியா பற்றிப் பேசும் உரிமையும் கூடும்.

1994 ஒப்பந்தத்தை 2025-க்குப் பின் மறுஆய்வு செய்யுமாறு எந்த மாநிலமும் கோரலாம் என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது. புதிதாகப் பேச உட்காரும்போது ஐந்து நாற்காலிகள் போதமாட்டா. யமுனை பிறக்கும் மலைகளும், லக்வார் அணை அமையும் இடமும் உத்தராகண்டில் உள்ளன. 2000-ஆம் ஆண்டு உருவான அம்மாநிலத்தின் கையெழுத்து பழைய ஒப்பந்தத்தில் இல்லை.