கணவர் பெயரில் எத்தனை தாள்கள்?

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தாள். அவளுடைய தாய் லெஸ்லிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்பது ஆண்டுகள் முயன்றும் குழந்தை தங்காததற்குக் காரணம் அதுதான் என்று மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு போகத்தான் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் பத்தாண்டு பாடுபட்டார்கள். ஐவிஎஃப் என்ற அந்தச் சோதனைக்குழாய் முறை, கேள்வி என்னவென்று தெரிந்த பிறகு கண்டுபிடித்த விடை. இன்று பல நேரம் விடை முந்திக்கொள்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம். 'விசேஷம் ஒன்றும் இல்லையா?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பேருந்தின் முதுகிலும் மேம்பாலத் தூணிலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரம். தம்பதி படியேறிய இரண்டாவது, மூன்றாவது முறையிலேயே 'நேரா ஐவிஎஃப் போயிடலாம்' என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. ஏன் தங்கவில்லை என்பதற்குக் கையிலிருக்கும் கோப்பில் பதில் உண்டா என்று கேட்கும் தைரியம் அந்த நேரத்தில் பலருக்கு வருவதில்லை.

ஐவிஎஃப் தொடங்கும் முன் போதுமான பரிசோதனை நடக்கிறதா என்று கேட்டால், கோப்பின் தடிமனைக் காட்டி 'இவ்வளவு எடுத்திருக்கிறோமே' என்பார்கள். தடிமனில் ஒன்றுமில்லை. ஒரு பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் அடுத்து செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அதற்குக் கொடுத்த காசு வீண். முடிவைப் பொறுத்து சிகிச்சை மாறும் என்றால் அதை விட்டுவிட்டு முதல் ஊசியைப் போடுவது தவறு. இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் நிலைமை விநோதமாக இருக்கிறது: சிகிச்சையை மாற்றக்கூடிய எளிய பரிசோதனைகள் அரைகுறையாக நிற்கின்றன, எதையும் மாற்றாத விலையுயர்ந்தவை தாராளமாக நடக்கின்றன.

அரைகுறை அதிகம் கணவர் பக்கத்தில்தான். உலகில் 6 பேரில் ஒருவர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது மருத்துவ உலகுக்குப் பழைய சேதி. ஆனாலும் மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன், கணவருக்கு ஒரே ஒரு தாள். அந்தத் தாளிலும் 'கவுன்ட்' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதுண்டு. அந்த மாதிரியை எப்படிக் கொடுத்தார் என்பதே எண்ணை மாற்றிவிடும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். விந்தணு அதிகமுள்ள முதல் சொட்டுகள் குப்பிக்கு வெளியே விழுந்தால் கணக்கு தப்பும். வீட்டில் எடுத்ததென்றால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், இரண்டு மாதத்துக்கு முன் அடித்த கடுங்காய்ச்சலின் தடம் இன்றைய தாளில் தெரியலாம். மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கீழ் எல்லைகூட, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் அளந்து எடுத்ததுதான். அந்தத் தகப்பன்களிலேயே 5 சதவீதம் பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். ஆகவே ஒரு தாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. குறைவாக வந்தால் சில வாரங்கள் விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் குறைவு என்றால், அந்த மனிதரை ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். விதைப்பையில் ரத்த நாளம் சுருண்டு புடைக்கும் வெரிகோசில், ஆண்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டால் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு. குழந்தையின்மைக்காக வருபவர்களில் 40 சதவீதம் வரை. நிற்கவைத்து ஐந்து நிமிடம் கையால் பார்த்தாலே தெரிந்துவிடும் சங்கதி, தகுந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. அதைவிட மலிவானது ஒரு கேள்வி: 'ஜிம்முக்குப் போகிறீர்களா, ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா?' வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் உடம்பின் சொந்த விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். நிறுத்திய பின் மாதக்கணக்கில் காத்திருந்தால் பலருக்குத் திரும்பும். ஆண்மையைக் கூட்டத்தான் அந்த ஊசி என்று நம்பும் இளைஞருக்கு இது தெரியாது. இப்படித் தேடுவது குறைந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் இக்சி முறையில் முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் இந்த முறை பெரிய வரம்தான். ஆனால் 'ஒன்று கிடைத்தால் போதும்' என்றான பிறகு, மற்றவை ஏன் இல்லை என்று கேட்கும் பழக்கம் போய்விட்டது. விந்தணு அறவே இல்லாதவர்களில் சிலருக்கு ஒய் குரோமோசோமின் சில பகுதிகள் முழுமையாக விடுபட்டிருக்கும். அவர்களிடம் விதையைக் கீறித் தேடினாலும் ஒன்றும் அகப்படாது என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடும். அதைச் செய்யாமல் மனைவிக்குப் பத்து நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

'ஐவிஎஃப்பில் குழாயே தேவையில்லை, பிறகு எதற்கு டியூப் டெஸ்ட்?' என்று மனைவி பக்கத்திலும் ஒரு வாதம் வரும். காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நுனி அடைத்து, உள்ளே நீர் கோத்து வீங்கிய குழாய் வெறும் அடைபட்ட வழியல்ல. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஆய்வகத்தில் வளர்த்து உள்ளே வைத்த கருவை ஒட்டவிடாமல் செய்கிறது. ஐவிஎஃப்பின் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. அந்தக் குழாயை முதலில் அகற்றினாலோ கருப்பைப் பக்கம் அடைத்துவிட்டாலோ வாய்ப்பு மீள்கிறது. இரண்டு சுற்று தோற்ற பிறகு இதைக் கண்டுபிடிப்பதை விடக் கொடுமை வேறில்லை. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் எச்எஸ்ஜி என்ற டியூப் டெஸ்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகளில் 1,119 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த சாயம் செலுத்தப்பட்டவர்களில் 39.7 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றார்கள். தண்ணீர் கலந்த சாயத்தில் 29.1 சதவீதம். அந்த எண்ணெய்ச் சாயம் கசகசா எண்ணெயிலிருந்து எடுத்தது. ஆய்வில் இருந்தவர்கள் 39 வயதுக்கு உட்பட்டவர்கள், குழாய்க் கோளாறுக்கான அறிகுறி அதிகம் இல்லாதவர்கள். எல்லாருக்கும் இதே பலன் என்று நீட்டக் கூடாது. தைராய்டு கோளாறு இருந்தால் அந்தச் சாயத்தின் அயோடினையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் பரிசோதனைக்குப் போனவர்கள் சிகிச்சையோடு திரும்பியது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

முட்டை வெளியாகிறதா என்ற கேள்வியும் இப்படித்தான். தைராய்டோ புரோலாக்டினோ தாறுமாறாக இருந்தால் மாத்திரையில் சரியாகி, மாதவிலக்கும் முட்டையும் ஒழுங்குக்கு வரலாம். பிசிஓடி என்று நாம் சொல்லும் கோளாறில் முட்டை வெடிக்காததுதான் சிக்கல் என்றால், முதலில் கொடுக்க வேண்டியது லெட்ரோசோல் மாத்திரை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்கள் பங்கேற்றார்கள். பழைய மாத்திரையான குளோமிபீனில் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவைப்பது பல வேளைகளில் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையின் எண். 'முட்டை இருப்பு குறைந்துகொண்டே போகிறது' என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டு நகையை அடகு வைக்க யார்தான் தயங்குவார்கள்? ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்பதை ஏஎம்எச் ஓரளவு சொல்லும். இயற்கையாகக் கருத்தரிக்குமா என்பதை அது சொல்லாது. 30 முதல் 44 வயது வரை, குழந்தையின்மை வரலாறு இல்லாத அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து பார்த்த 2017 ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கருவுற்றார்கள்.

'பரிசோதனை என்று மாதங்களை ஓட்டினால் வயது ஓடிவிடாதா?' என்பதுதான் இதற்கு வரும் வலுவான எதிர்க்கேள்வி. வயது ஓடும், அதை மறுப்பதற்கில்லை. 38 வயதை எட்டியவர்களை நேரடியாக ஐவிஎஃப்புக்கு அழைத்துச் சென்றால் குறைந்த சுற்றுகளில் கர்ப்பம் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வும் உண்டு. 40 வயதுப் பெண்ணை ஆறு மாதம் மாத்திரையில் வைத்திருப்பது நானும் ஏற்காத வேலை. ஆனால் அடிப்படைப் பரிசோதனைகளுக்கு வேண்டிய நேரம் ஒரே ஒரு மாதவிலக்குச் சுற்று. இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்தமும் ஸ்கேனும். ரத்தப்போக்கு நின்றபின் பத்தாம் நாளுக்குள் டியூப் டெஸ்ட். 28 நாள் சுற்று என்றால் 21-ஆம் நாளில் முட்டை வெளியானதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அதே மாதத்தில் கணவரின் மாதிரியும் உடல் பரிசோதனையும். வயது கூடியவர்களுக்கு இவற்றை ஐவிஎஃப் ஏற்பாடுகளோடு சேர்த்தே நடத்தலாம். 27 வயதுப் பெண்ணிடம் அந்த அவசரத்தைக் காட்டுவதற்கு வயது காரணமாக இருக்க முடியாது.

'எல்லாம் பார்த்தாலும் பலருக்குக் காரணம் தெரிவதில்லையே' என்ற அடுத்த கேள்வியும் உண்மையைச் சார்ந்ததுதான். ஆனால் காரணம் தெரியவில்லை என்பதும் ஒரு கண்டறிதல். தேடிப் பார்த்த பின்தான் அதைச் சொல்லும் உரிமை வருகிறது. தேடாமல் சொன்னால் அது வெற்றுத்தாள். உண்மையிலேயே தேடி ஒன்றும் கிடைக்காத இளம் தம்பதிக்கு அந்த முடிவு நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். தானாகக் கருத்தரிக்க ஓரளவு வாய்ப்பிருந்த 253 டச்சுத் தம்பதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஊசியும், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐயும், மறு பகுதியினருக்கு ஆறு மாதம் சும்மா இருங்கள் என்ற அறிவுரையும் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம், சும்மா இருந்தவர்களில் 27 சதவீதம் கர்ப்பம். 2015-இல் வந்த இன்னொரு டச்சு ஆய்வில், வாய்ப்பு குறைந்த 602 தம்பதிகளில் ஒரே கருவை வைக்கும் ஐவிஎஃப் செய்துகொண்டவர்களில் 52 சதவீதத்தினரும், ஐயூஐ செய்துகொண்டவர்களில் 47 சதவீதத்தினரும் ஓராண்டுக் கணக்கில் ஆரோக்கியமான குழந்தை பெற்றார்கள். இரண்டுக்கும் செலவில் உள்ள தூரத்தை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனை போதவில்லை என்று சொல்வதால் இன்னும் பத்தை எழுதித் தரச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல ஆண்டுகள் செய்தார்கள். 1,364 பெண்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் பிள்ளை பெற்றவர்கள் ஒரே அளவு, 26.1 சதவீதம். கருவை வைக்க உகந்த நேரத்தைக் கணிக்கும் ஈரா பரிசோதனை 2022 ஆய்வில் பிறப்பைக் கூட்டவில்லை. ஸ்கேன் சரியாக இருந்தும் எல்லாருக்கும் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதாலும் பயனில்லை என்று 2016-இலேயே தெரிந்துவிட்டது. நல்ல வாய்ப்புள்ள 1,212 சீனப் பெண்களிடம், கருவின் குரோமோசோமைச் சோதித்து வைத்தபோது 77.2 சதவீதமும் சோதிக்காமல் வைத்தபோது 81.8 சதவீதமும் பிள்ளை பெற்றார்கள். 'பேக்கேஜ்' பட்டியலில் இவையெல்லாம் பளபளப்பாக இருக்கும். தொட்டுப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், மூன்று மாதம் கழித்து வரச்சொல்வதும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. குறை மருத்துவர்கள்மீது மட்டும் இல்லை. கணவரை உள்ளே கூப்பிட்டால் முகம் சுளிக்கும் வீடுகளும், 'நம்ம பையனுக்கு என்ன குறை' என்று வாசலிலேயே தடுக்கும் மாமியார்களும், ஒரு மாதம் பொறுக்கச் சொன்னால் அடுத்த மையத்துக்குக் கிளம்பும் தம்பதிகளும் இந்த அவசரத்துக்குப் பங்காளிகள்தான்.

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021-இல் இயற்றிய சட்டம், வெற்றி வாய்ப்பு, நன்மை தீமை, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கும் கடமையை மையங்கள்மீது சுமத்துகிறது. காரணத்தைத் தேடாமல் வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொன்னால் அது உங்களுக்கான எண்ணாக இருக்காது, ஊருக்கான சராசரி. எனவே பணம் கட்டும் முன், எங்களுக்கு எதற்காக ஐவிஎஃப் என்பதை ஒரு வரியில் எழுதிக் கேளுங்கள். எழுதி வந்த வரிக்கு ஆதாரமான தாள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் பெயரில் எத்தனை தாள்கள் இருக்கின்றன என்பதையும் எண்ணிவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், முதல் ஊசியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.