கமக்காரன் மீது பழி சுமத்தாதீர்!

பெரும்போக அறுவடை முடிந்து நெல் களத்தைவிட்டுப் போகும் காலத்திலே மட்டக்களப்பு நகரில் ஒரு பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது. கச்சேரியிலும் வங்கியிலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் அப்பேச்சைக் கேட்கலாம். "படுவான்கரையான் நெல்லை விற்றுக் கைத்தொலைபேசி வாங்குகின்றான், பிறகு உரத்துக்குக் கடன் கேட்டு நிற்கின்றான்" என்பதே அப்பேச்சு. கூறுவோர் கற்றவர்கள், மாதச் சம்பளம் பெறுவோர். அவ்வாறு கூறும்போது அவர்களின் கையில் மின்னுவதோ சென்ற ஆண்டு வாங்கிய புதிய கைத்தொலைபேசி!

இப்பழியை நாம் மறுக்கின்றோம். கமக்காரனுடைய வீண் ஆடம்பரமே அவன் வறுமைக்குக் காரணம் என்னும் பழைய பொய்யின் புதிய வடிவம் இது. அவன் கைத்தொலைபேசியை ஏன் மாற்றுகின்றான் என்று ஒருமுறையேனும் அவனிடம் கேட்டவர் யார்?

நாம் கண்டவரையில் கைத்தொலைபேசி மாற்றுவோர் இருவகையினர். ஒருவர், உள்ளது நன்றாக இயங்கும்போதே அடுத்ததை வாங்குகின்றார். படம் இன்னும் தெளிவாக விழுகின்றதாம். அலுவலகத்தில் எல்லோரும் மாற்றிவிட்டனராம். கடைக்காரர் தவணைக்குத் தருகின்றாராம். மற்றவர், உள்ளது செத்த பின்னரே வேறொன்றைத் தேடுகின்றார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை அலுவலகங்களிலே முதல்வகையினரைக் காண்கின்றோம். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களிலே இரண்டாம்வகையினரைக் காண்கின்றோம்.

உத்தியோகத்தர் கைவிட்ட கருவி பின்னர் எங்கே போகின்றது? மகனிடம் போகின்றது, மகனிடமிருந்து மாமனாரிடம் போகின்றது, ஈற்றில் வயல் வாடியிலே காவல் கிடக்கும் முதியவரிடம் போய்ச் சேருகின்றது. கமக்காரன் கைக்கு வருமுன்னரே அதன் ஆயுளிற் பாதி கழிந்துவிடுகின்றது. பாதி உயிரோடு வந்த பொருள் விரைவில் மடிவதைக் கண்டு, "இவன் அடிக்கடி மாற்றுகின்றான்" என்று எள்ளுவது எந்த ஊர் நியாயம்?

ஒட்டி மூடிய பற்றரி

இக்கருவி மடிவதற்கு முதற் காரணம் அதன் பற்றரி. இலித்தியம் அயன் பற்றரி ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் சிறிது தேய்கின்றது. 500 முதல் 1,000 முறை முழுமையாக ஏற்றி இறக்கியதன் பின்னர் அதன் கொள்ளளவு நூற்றுக்கு 80 என்னும் அளவுக்கு இறங்குவது இயல்பு. நாளுக்கு ஒருமுறை மின்னேற்றுபவருக்கு அஃது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முதல் மூன்று ஆண்டுக் காலமாகும். வெப்பமோ இத்தேய்மானத்தை இன்னும் விரைவுபடுத்தும். சிறுபோகத்துக் கோடையிலே, வெயில் எரிக்கும் வரம்பின்மீது நாள் முழுதும் கிடக்கும் கைத்தொலைபேசிக்கு என்ன கதி என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

பொத்தான் அழுத்திப் பேசிய பழைய கைத்தொலைபேசியின் முதுகை நாம் நகத்தாற் கழற்றினோம். கடையில் வாங்கிய புதுப் பற்றரியை நாமே இட்டோம். இன்று முதுகைப் பசையிட்டு ஒட்டி மூடிவிட்டார்கள். பற்றரி தேய்ந்தவன் கருவியையே எறியவேண்டுமென்பது அவர்கள் வகுத்த விதி. உழவு இயந்திரத்தின் ரயர் தேய்ந்தால் இயந்திரத்தையா விற்கின்றோம்? வலையின் கண் அறுந்தால் வாவியிலே மீன்பிடிப்பவன் வலையையா எரிக்கின்றான்?

நகரத்திலே பற்றரி இறங்கினால் ஒரு பாட்டு நின்றுபோகும். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் இரவிலே யானைக்காவல் இருப்பவனுக்கு அஃது உயிர் விடயம். யானை வருகின்றதென்று அடுத்த வட்டையிலுள்ளவனுக்கு அறிவிக்க அவனிடம் இருப்பது அந்தக் கருவி ஒன்றே. நள்ளிரவில் அது கண்மூடிவிட்டால், அடுத்த போகத்தில் அவன் வேறொன்று வாங்காமல் என்செய்வான்?

தாயின் குரலை அறுத்தவர் யார்?

பற்றரி நன்றாக இருந்தாலும் கருவியைக் கொல்லும் வழியொன்று உண்டு. 2023 ஒக்டோபர் 24 முதல், ஐந்தாம் பதிப்புக்கு முற்பட்ட அண்ட்ரொய்ட் கருவிகளிலே வட்ஸ்அப் இயங்காது என்றார்கள். 2025 மே 5 முதல் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றிலும் இயங்காது என்றார்கள். கம்பனியாருக்கு இஃது ஒரு வரி அறிவித்தல். வாவிக்கரைக் குடும்பங்களுக்கோ? வளைகுடா நாடுகளிலே வீட்டுவேலை செய்யும் தாய்மார் எத்தனை பேர் இங்கே பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போயிருக்கின்றார்கள்! அத்தாயின் முகத்தைப் பிள்ளை காண்பதும், பிள்ளையின் குரலை அவள் கேட்பதும் அந்த ஒரு வாயிலாலேயே. கண்ணாடியில் கீறலுமின்றிக் கிடக்கும் கருவி ஒருநாட் காலை தாயைக் காட்ட மறுத்தால் அந்தப் பாட்டி அதனை மாற்றாமல் இருப்பாளா? அவளையும் ஆடம்பரக்காரி என்பீர்களா?

மென்பொருளைப் புதுப்பித்துக்கொடுக்கும் காலம் முடிந்தால் கருவி முடிந்தது. அக்காலத்திலும் ஏழைக்கொரு நீதி, செல்வனுக்கொரு நீதி. 2023இல் கூகிள் தன் பிக்சல் 8க்கும், 2024இல் சம்சுங் தன் எஸ் 24க்கும் ஏழு ஆண்டுக் காலம் புதுப்பிப்பதாக வாக்களித்தன. இவை விலையுயர்ந்த கருவிகள். கமக்காரன் வாங்கக்கூடிய மலிவான கருவிகள் பலவற்றுக்கு அவ்வாக்குறுதி இல்லை. குறைந்த விலை கொடுத்தவன் அடிக்கடி வாங்குகின்றான். அடிக்கடி வாங்கி ஈற்றில் கூடிய விலை கொடுக்கின்றான்.

கட்டாயமும் வரியும்

இனி அரசாங்கத்தின் பங்கைப் பார்ப்போம். 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. கருவி இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லை. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் பெற்றோர் கருவி வாங்கினர். 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்தது. கியூஆர் குறியீடு பெறக் கைத்தொலைபேசி இலக்கம் கேட்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவிலிருந்த மதிப்பு மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குச் சென்றது. இறக்குமதிப் பொருளாகிய கைத்தொலைபேசியின் விலையும் அதனோடு ஏறிற்று. அதுவும் போதாதென்று 2024 சனவரி முதல் கைத்தொலைபேசிக்கு இருந்த விலக்கை நீக்கி 18 வீதப் பெறுமதி சேர் வரியையும் விதித்தார்கள்.

கருவி இல்லாதவனைப் படலைக்கு வெளியே நிறுத்துவதும் அரசாங்கம். கருவி வாங்கப் போனவனிடம் வரி பறிப்பதும் அரசாங்கம். இரண்டையும் செய்துவிட்டு, சிக்கனமாக வாழுங்கள் என்று குடிகளுக்கு உபதேசமும் செய்கின்றது!

கணக்கைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல்லின் விலை கிலோவுக்கு 120 ரூபாய். ஒரு கைத்தொலைபேசி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடு 500 கிலோ நெல். 65 கிலோ கொண்ட மூடையாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய எட்டு மூடை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவன் பன்னிரண்டு ஆண்டில் ஆறு கருவி வாங்குகின்றான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவன் மூன்று வாங்குகின்றான். வேறுபாடு 1,500 கிலோ நெல். வீட்டில் இருவரிடம் கருவி இருந்தால் 3,000 கிலோ. மழையை நம்பி விதைத்து, வெள்ளத்துக்கும் யானைக்கும் தப்பி வந்த நெல் அது! பற்றரி ஒன்றை எளிதில் மாற்ற முடியுமாயின் அந்நெல்லிற் பெரும்பகுதி படுவான்கரையிலேயே தங்கியிருக்கும்.

இது பழைய சூழ்ச்சி

நாம் கற்பனை பேசுகின்றோமென்று எவரேனும் எண்ணினால் வரலாற்றைப் புரட்டட்டும். 1924இல் மின்குமிழ் செய்யும் பெருங் கம்பனிகள் செனீவாவிலே கூடி, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்குள் அடக்குவதென உடன்பட்டன. அதனிலும் நீண்டகாலம் எரியும் குமிழைச் செய்ய அறிந்திருந்தும் அவ்வாறு செய்தன.

நம் காலத்துக்கு வருவோம். பற்றரி முதிர்ந்த ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைப்பதை 2017 டிசெம்பரில் அப்பிள் கம்பனி ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துபோகாமற் காக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணம் கூறிற்று. வாங்கியவர்களுக்கோ அதனைச் சொல்லவில்லை. பற்றரியை மாற்றினால் வேகம் மீளுமென்பதை அறியாத மக்கள் புதுக்கருவி வாங்க ஓடினர். 2018இல் இத்தாலி அப்பிளுக்குப் பத்து மில்லியன் யூரோவும் சம்சுங்குக்கு ஐந்து மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. 2020இல் பிரான்சு அப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

தண்டத்தோடு ஐரோப்பா நின்றுவிடவில்லை. 2025 யூன் 20 முதல் அங்கே புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 800 முறை மின்னேற்றிய பின்னும் பற்றரி நூற்றுக்கு 80 பங்கு வலுவோடு இருத்தல்வேண்டும். விற்பனை முடிந்த பின்னும் ஏழு ஆண்டுக்கு உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும். ஐந்து ஆண்டுக்கேனும் மென்பொருள் புதுப்பிக்கப்படல்வேண்டும். செருமானியனுக்கும் பிரான்சியனுக்கும் கிடைக்கும் இவ்வுரிமை கொக்கட்டிச்சோலைக் கமக்காரனுக்கு ஏன் கிடைக்கலாகாது?

"நாம் சிறிய நாடு, உலகக் கம்பனிகள் நம் சொல்லைக் கேட்குமோ?" என்பர் சிலர். நாம் கேட்பது புதிதாக ஒன்றைச் செய்யும்படியன்று. அயலானுக்குச் செய்துகொடுத்ததை நமக்கும் கொடு என்பதே. இந்நாட்டில் விற்கும் கைத்தொலைபேசிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். வாயிற்கதவு அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. நுழைபவனுக்கு நிபந்தனை இடுவதற்கு மனம் ஒன்றே குறை.

"பழைய கருவியிலே திருடர் புகுவர், பாதுகாப்புக்காகவேனும் மாற்றத்தானே வேண்டும்?" என்பது இன்னொரு வாதம். உண்மை, மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவியிலே வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. ஆயின் புதுப்பிப்பை நிறுத்தியவன் யார்? கூரையைப் பிரித்தவனே மழைக்குப் பயப்படு என்று எச்சரிப்பதுபோல் இருக்கின்றது இவ்வாதம்.

நாம் கேட்பவை

ஆகவே நாம் கேட்கின்றோம். இங்கு விற்கும் ஒவ்வொரு கைத்தொலைபேசிப் பெட்டியின்மீதும் மென்பொருள் எந்த ஆண்டுவரை புதுப்பிக்கப்படும் என்பது அச்சிடப்படல்வேண்டும். பற்றரியும் உதிரிப்பாகங்களும் ஏழு ஆண்டுக்குக் கிடைப்பதை இறக்குமதி செய்பவர் உறுதிசெய்தல்வேண்டும். பழுதுபார்க்கும் உதிரிப்பாகங்கள் மீதுள்ள வரி நீக்கப்படல்வேண்டும். வாவிக்கரை இளைஞருக்குப் பழுதுபார்க்கும் தொழிலைத் தொழில்நுட்பக் கல்லூரிகள் முறையாகக் கற்பித்தல்வேண்டும்.

இன்னுமொன்று. உத்தரவாதப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கையளிக்கப்படுகின்றது. தண்ணீர் பட்டால் உத்தரவாதம் இல்லை என்று அதன் மூலையிலே சிறிய எழுத்தில் இருக்கும். சேற்றிலும் நீரிலும் நிற்பவனுக்கு முதலிற் சொல்லவேண்டிய செய்தி அது. அதனை அவன் அறியாத மொழியில் எழுதி அவன் கையிலே திணிக்கின்றார்கள். 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் அமைந்தது. உத்தரவாதப் பத்திரத்தைத் தமிழிலே தரவைக்க இவ்வளவும் போதாதா? நம் பாராளுமன்ற அங்கத்தவர்கள் இதற்காக வாய் திறத்தல்வேண்டும்.

கற்றவர்களுக்கு ஒரு சொல். இயங்கும் கருவியை இயங்கும்வரை வைத்திருங்கள். நீங்கள் ஆண்டுதோறும் மாற்றுவதைக் கண்டே உங்கள் வீட்டுப் பிள்ளையும் அயல்வீட்டுப் பிள்ளையும் மாற்றக் கேட்கின்றார்கள். அலுமாரியிலே உறங்கும் பழைய கருவிக்குப் புதுப் பற்றரி இட்டுத் தேவையானவருக்குக் கொடுங்கள். வாவிக்கரைக் குப்பைமேட்டிலே அதனை எறியாதீர்கள். நசுங்கிய பற்றரி தீப்பற்றும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவைக் குவித்தது. அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறையாகச் சேர்க்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவு உண்டு.

கமக்காரத் தோழர்களுக்கும் ஒரு சொல். கடைப்படி ஏறுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பற்றரியை மாற்ற முடியுமா? என்ன செலவாகும்? எந்த ஆண்டுவரை இது புதுப்பிக்கப்படும்? விடை சொல்லத் தெரியாத கடையிலே நெற்காசை அவிழ்க்காதீர்கள். நாற்பது பேர் இக்கேள்வியைக் கேட்டால் நாற்பத்தோராவது ஆள் வருமுன்னரே கடைக்காரர் விடை தேடி வைத்திருப்பார்.

அடுத்த அறுவடையும் வரும். அந்தப் பேச்சும் மீண்டும் எழும். அப்போது பேசுபவரிடம் இந்த எட்டு மூடைக் கணக்கைச் சொல்லுங்கள். பழி சேரவேண்டிய இடத்தைக் காட்டுங்கள். அந்த இடம் படுவான்கரை அன்று.